சிகிச்சைப் பணியோடு ஆராய்ச்சி: இந்தியாவில் அரசு நிதி பெற ஒரு முழுமையான வழிகாட்டி

நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய விரும்பும் மருத்துவருக்கு இந்தியாவில் அரசு நிதி இல்லை என்று சொல்வது சரியல்ல. மத்திய அரசின் பல அமைப்புகள் ஆண்டுதோறும் விண்ணப்பங்களைக் கேட்கின்றன. பணத்தை விட அரிதாக இருப்பது நேரம். பிரிட்டனில் தேசிய ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்ஆர் வழங்கும் பயிற்சிப் பணியிடங்களில், இளநிலையில் வேலைநேரத்தில் கால் பங்கும் அடுத்த நிலையில் பாதிப் பங்கும் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்டு, அது பணியாணையிலேயே எழுதப்படுகிறது. இந்திய மருத்துவக் கல்லூரிகளில் அப்படிப்பட்ட பணியிடம் பொதுவாகக் கிடையாது. ஆகவே இங்கே நிதி கேட்பவர் இரண்டு காரியங்களை ஒருசேரச் செய்ய வேண்டியிருக்கிறது: டெல்லியிடமிருந்து பணத்தைப் பெறுவது, தன் சொந்த நிறுவனத்திடமிருந்து நேரத்தைப் பெறுவது. இந்த வழிகாட்டி இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. மருத்துவர்களை முன்வைத்து எழுதியிருந்தாலும், நிறுவனங்களில் நிரந்தரப் பணியில் உள்ள பல் மருத்துவர்கள், செவிலியர் கல்லூரி ஆசிரியர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள் ஆகியோருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: உங்கள் நிறுவனம் நிதி வாங்கத் தகுதியுடையதா என்று பாருங்கள்

பலர் கேள்வியை யோசித்து, திட்டத்தை எழுதி, கடைசி வாரத்தில்தான் இதைக் கவனிக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி, மத்திய அரசு நிறுவனம், பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. தனியார் மருத்துவக் கல்லூரி, அறக்கட்டளை மருத்துவமனை, தன்னார்வ நிறுவனம் என்றால், மத்திய அரசின் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறையான டிஎஸ்ஐஆர் வழங்கும் அங்கீகாரம் நடப்பில் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் கேட்கிறது. இந்த அங்கீகாரத்துக்கு முடிவுத் தேதி உண்டு. உங்கள் நிறுவன அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை வாங்கி, தேதியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். காலாவதியாகும் நிலையில் இருந்தால், புதுப்பிக்கும் வேலையை இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் பணி நிலை. ஐசிஎம்ஆர் ஆராய்ச்சித் திட்டங்களில் முதன்மை ஆய்வாளர் நிறுவனத்தில் முறையான பணியில் இருப்பவராக இருக்க வேண்டும். ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுபவர் இணை ஆய்வாளராகத் தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது. முதன்மை ஆய்வாளருக்கு இத்திட்டங்களிலிருந்து சம்பளம் கிடையாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். உங்கள் சம்பளம் நிறுவனத்திலிருந்தே வரும் என்பதால், உங்கள் நேரத்துக்குச் சொந்தக்காரர் உங்கள் துறைத் தலைவரும் டீனும்தான். பின்னால் வரும் மூன்றாம் படிக்கு இதுவே காரணம்.

இரண்டாம் படி: வார்டிலிருந்து கேள்வியை எடுங்கள்

சிகிச்சை அளிக்கும் ஒருவருக்கு ஆய்வகத்தில் மட்டும் இருப்பவரிடம் இல்லாத ஒரு பலம் உண்டு: எந்த நோயாளி எதனால் திரும்பி வருகிறார், எவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார், எந்தப் பரிசோதனை முடிவு சிகிச்சையை மாற்றுவதே இல்லை என்பதெல்லாம் அவர் தினமும் பார்ப்பவை. மதிப்பீட்டாளர்கள் தேடுவதும் அதைத்தான்.

சென்னைக்கு இதில் நெடிய மரபு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து சிகிச்சை மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. சானடோரியத்தில் படுக்கையோடு சிகிச்சை பெறுவதும், நெரிசலான வீட்டில் இருந்தபடியே மாத்திரை எடுப்பதும் குணமாவதில் பெரிய வேறுபாடு காட்டவில்லை என்று அங்கே நடந்த ஒப்பீட்டு ஆய்வு 1959-ல் அறிவித்தது. படுக்கைகள் போதாத நாட்டில் ஒரு மருத்துவர் கேட்கக்கூடிய மிக நேரடியான கேள்வி அது. ஏறக்குறைய இருநூறு நோயாளிகளைக் கொண்டே அதற்கு விடை கிடைத்தது.

அண்மைக்கால உதாரணம் இன்னும் தெளிவானது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 28 காசநோய் அலகுகளில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் மங்களூரில் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றும் மருத்துவர்களான அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். நிதி ஐசிஎம்ஆரின் இந்திய காசநோய் ஆராய்ச்சிக் கூட்டமைப்பிலிருந்து வந்தது. சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொதி வழங்கப்பட்டது. ஒரு பிரிவு வீடுகளில் மட்டும் மற்ற உறுப்பினர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் பருப்பும் நுண்ணூட்ட மாத்திரைகளும் கிடைத்தன. அந்த வீடுகளில் காசநோய் புதிதாக வருவது 39 சதவீதமும், தொற்றும் வகைக் காசநோய் 48 சதவீதமும் குறைந்தன என்று 2023 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ்களில் முடிவுகள் வெளிவந்தன. உணவு பற்றிய எளிய கேள்விதான். ஆனால் யாரை ஒப்பிடுவது, எதை அளப்பது, எவ்வளவு காலம் தொடர்வது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தன. விண்ணப்பத்தில் காட்ட வேண்டியது அந்தத் தெளிவைத்தான்.

உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: எந்த நோயாளிகள், அவர்களுக்கு என்ன செய்யப் போகிறோம், யாரோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம், எத்தனை மாதத்தில். எழுத முடியவில்லை என்றால் திட்டம் இன்னும் கனியவில்லை என்று பொருள்.

மூன்றாம் படி: நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். திட்டம் ஏற்கப்பட்ட பிறகு டீனிடம் போய் நேரம் கேட்டால், அப்போது ஓபி பட்டியல், தேர்வுப் பணி, ஆய்வுக்கு வரும் குழுவுக்கான தயாரிப்பு எல்லாம் முன்னால் நிற்கும். விண்ணப்பம் எழுதும்போதே நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் தேவைப்படுகிறது. அந்தக் கடிதத்தில் வெறுமனே "அனைத்து வசதிகளும் அளிக்கப்படும்" என்ற பொதுவாக்கியம் வேண்டாம். வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணி நேரம் ஆராய்ச்சிக்கு விடுவிக்கப்படுவீர்கள், அந்த நேரத்தில் உங்கள் வார்டையும் ஓபியையும் யார் பார்ப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

துறைத் தலைவரிடம் பேசும்போது உங்கள் விருப்பத்தை மட்டும் சொல்லாதீர்கள். துறைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் காட்டுங்கள். திட்ட நிதியில் ஒரு ப்ராஜெக்ட் நர்ஸையும் ஒரு தொழில்நுட்ப உதவியாளரையும் நியமித்தால், நோயாளி விவரப் பதிவு, தொடர்ந்து அழைத்துப் பேசுதல், மாதிரி சேகரிப்பு ஆகியவை துறையின் அன்றாட வேலையையும் இலகுவாக்கும். பிஜி மாணவர்களின் தீசிஸ்களை அதே திட்டத்தின் கிளைக் கேள்விகளாக அமைக்கலாம். இவையெல்லாம் துறைத் தலைவருக்கும் பயன் தருபவை.

வாரத்தில் இரண்டு அரை நாட்கள் உறுதியாகக் கிடைத்தாலே ஒரு சிறிய திட்டத்தை நடத்திவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. வாக்குறுதியாக மட்டும் இருக்கும் மூன்று முழு நாட்களைவிட, பணி அட்டவணையில் அச்சாகிப் பலகையில் ஒட்டப்பட்ட இரண்டு அரை நாட்கள் மேலானவை.

நான்காம் படி: உங்கள் நிலைக்கு ஏற்ற திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

மாணவப் பருவத்திலேயே தொடங்க விரும்பினால் ஐசிஎம்ஆரின் குறுகிய கால மாணவர் ஆராய்ச்சித் திட்டமான எஸ்டிஎஸ் 1979 முதல் இருக்கிறது. எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்கள் ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாதத்தில் சிறு ஆய்வு செய்து அறிக்கை அளிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. பிஜி காலத்தில் தீசிஸுக்கென ஐசிஎம்ஆர் வழங்கும் நிதியுதவியைக் கேட்கலாம். தொகை சிறியதுதான். ஆனால் பட்ஜெட் எழுதுவதும் கணக்கு ஒப்படைப்பதும் அங்கேயே பழகிவிடும். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த பின், பணியில் இருந்தபடியே பிஎச்டி செய்ய இளம் மருத்துவ ஆசிரியர்களுக்கென ஐசிஎம்ஆர் நடத்தும் திட்டத்தையும் பாருங்கள்.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 2007-ல் உருவாக்கப்பட்ட சுகாதார ஆராய்ச்சித் துறையான டிஎச்ஆர், மனிதவள மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் பயிற்சி உதவித்தொகைகளை வழங்குகிறது. குடும்பக் காரணங்களால் பணியில் இடைவெளி விழுந்த பெண்களுக்கென்றே அதில் ஒரு பிரிவு உண்டு. குழந்தை பிறந்த பிறகு ஆராய்ச்சியை விட்டுவிட்டதாக வருந்தும் பெண் மருத்துவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இதே துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சி அலகுகளை அமைத்துள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியில் அப்படி ஒன்று இருக்கிறது. கிராமப்புற ஆய்வுக்கென மாதிரி ஊரக சுகாதார ஆராய்ச்சி அலகுகளும் உண்டு. தமிழ்நாட்டில் திருநெல்வேலியில் ஒன்று இயங்குகிறது. உங்கள் கல்லூரியிலோ பக்கத்திலோ இப்படி ஓர் அலகு இருந்தால், கருவிகளுக்குத் தனியாகப் பணம் கேட்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

ஆசிரியப் பணியில் உள்ள பெரும்பாலோருக்குப் பொருத்தமானது, தன் சொந்த நிறுவனங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஐசிஎம்ஆர் தரும் வெளி ஆராய்ச்சி நிதி. சிறு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலும், இடைநிலை நிதியில் 2 கோடிக்கு மேல் 8 கோடி வரையிலும் கேட்கலாம். முதல் முறை விண்ணப்பிப்பவர் உச்சவரம்பை நோக்கிப் போக வேண்டாம். ஒரு மையத்தில் இரண்டு பணியாளர்களோடு முடிக்கக்கூடிய கேள்வியை நியாயமான தொகையில் கேட்பவரே நம்பிக்கை பெறுகிறார்.

ஆராய்ச்சியையே வாழ்க்கைப் பாதையாக ஆக்கிக்கொள்ள நினைப்பவர் இந்தியா அலையன்ஸை நோக்கிப் போக வேண்டும். மத்திய உயிர்த் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-09 முதல் நடத்தும் அமைப்பு அது. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது: மொத்தம் 1,500 கோடி ரூபாய், அதில் 1,000 கோடி உயிர்த் தொழில்நுட்பத் துறையுடையது, 500 கோடி வெல்கமுடையது. மருத்துவ, பொது சுகாதார ஆராய்ச்சிக்கென்றே தொடக்கநிலை, இடைநிலை ஃபெலோஷிப்கள் உள்ளன. மற்ற திட்டங்கள் ஓர் ஆய்வுக்குப் பணம் தருகின்றன. இவர்களோ ஆய்வாளரைப் பார்க்கிறார்கள். முன்விண்ணப்பம், முழு விண்ணப்பம், வெளி மதிப்பீடு, நேர்காணல் என்று பல கட்டங்கள் இருப்பதும் அதனால்தான். ஆய்வக அறிவியல் பக்கம் சாய்ந்த கேள்வி என்றால், 2023-ன் சட்டத்தால் அமைக்கப்பட்டு, அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியமான எஸ்இஆர்பியின் இடத்துக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் (ஏஎன்ஆர்எஃப்) அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

ஒவ்வொரு அழைப்பிலும் வயது, அனுபவ ஆண்டுகள், கல்வித் தகுதி ஆகியவை மாறக்கூடும். சென்ற ஆண்டு விண்ணப்பித்த நண்பர் சொன்னதை நம்பாமல், நடப்பு அறிவிப்பையே வரிவரியாகப் படியுங்கள்.

ஐந்தாம் படி: எண்களைச் சரியாகப் போடுங்கள்

விண்ணப்பங்கள் அதிகம் சறுக்கும் இடம் மாதிரி அளவு. ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். நீரிழிவு ஓபிக்கு வருபவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் மாத்திரையை நிறுத்துகிறார்கள் என்று அறிய விரும்புகிறீர்கள். 30 சதவீதம் இருக்கலாம் என்பது உங்கள் ஊகம். விடை இரு பக்கமும் 5 புள்ளிக்குள் துல்லியமாக இருக்க வேண்டும். பழக்கமான சூத்திரப்படி 4-ஐ 30-ஆலும் 70-ஆலும் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 336 வரும். பத்தில் ஒருவர் இடையில் தொடர்பு அறுந்துபோவார் என்று வைத்தால் 336-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். 374 பேர் தேவை. இத்தோடு நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். அடுத்த கேள்விதான் முக்கியம்: உங்கள் ஓபிக்கு வாரம் தகுதியான நோயாளிகள் எத்தனை பேர் வருகிறார்கள்? பதினைந்து பேர் வந்து, பத்துப் பேர் ஒப்புக்கொண்டால், சேர்க்கைக்கே 38 வாரங்கள் ஆகும். அதன் பிறகு கடைசியாகச் சேர்ந்தவரை ஆறு மாதம் தொடர வேண்டும். நெறிமுறை ஒப்புதல், பணியாளர் நியமனம், பகுப்பாய்வு எல்லாம் சேர்ந்தால் இரண்டு ஆண்டுத் திட்டம் ஆகிவிடுகிறது. ஓராண்டில் முடிப்பதாக எழுதினால், அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அதே பக்கத்தில் பேனாவை வைத்துவிடுவார்.

இந்த விகிதக் கேள்வி தீசிஸுக்கோ முன்னோட்டத்துக்கோ போதும். பெரிய நிதிக்கு அடுத்த கேள்வி வேண்டும்: மருந்தாளுநர் மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசினால் நிறுத்துபவர்கள் குறைகிறார்களா? அதற்கான மாதிரி அளவு வேறு. அதைப் புள்ளியியலாளர்தான் போட வேண்டும். அவரை இறுதி நாளில் தேடாமல், தொடக்கத்திலேயே இணை ஆய்வாளராகச் சேருங்கள்.

முறையியல் அடிப்படை உறுதியாக இல்லை என்று தோன்றினால், சென்னையிலுள்ள ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சியை முடியுங்கள். பிஜி மாணவர்களும் ஆசிரியர்களும் சான்றிதழுக்காகவே அதைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. திட்டம் எழுதும் காலத்தில் படித்தால் அதன் முழுப் பயனும் கிடைக்கும்.

பட்ஜெட்டில் பணியாளர் சம்பளத்தை நிதி தரும் அமைப்பின் நடப்பு விதிப்படியே போடுங்கள். கருவிக்கு விலைப்புள்ளி இணையுங்கள். நோயாளிகள் ஆய்வுக்காக மட்டும் வரும் நாட்களுக்கான பயணச் செலவை மறக்காதீர்கள். தினக்கூலியை இழந்து வரும் ஒருவருக்கு அது இரக்கம் சார்ந்த விஷயம் மட்டுமல்ல. தொடர்ந்து வருவாரா மாட்டாரா என்பதையே அது தீர்மானிக்கிறது.

ஆறாம் படி: ஒப்புதல்களை ஒழுங்குபடுத்துங்கள்

உங்கள் நிறுவன நெறிமுறைக் குழு பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கான குழுக்கள் டிஎச்ஆரிடம் பதிவு செய்ய வேண்டும். மருந்துச் சோதனைகளைப் பரிசீலிக்கும் குழுக்கள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் நன்றாக இருக்கட்டும். படித்துக் காட்டினால் உங்கள் வார்டு ஆயாவுக்குப் புரிகிறதா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் திருத்துங்கள்.

சிகிச்சைச் சோதனை என்றால் இந்தியாவின் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருந்தால்தான் ஏற்கிறார்கள். வெளிநாட்டுக் கூட்டாளியோ வெளிநாட்டு நிதியோ இருந்தால், சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதல் தனியாகத் தேவை. அதற்கான மாதங்களைக் கால அட்டவணையில் காட்டுங்கள்.

அரசுக் கல்லூரி என்றால் கோப்பு துறைத் தலைவரிடமிருந்து டீன் அலுவலகம் போய்த் திரும்ப வேண்டும். ஐசிஎம்ஆரின் இணையத் தளத்தில் கடைசி நாள் மாலை பதிவேற்றம் செய்வதை நம்பியிருக்காதீர்கள். கையெழுத்துப் பக்கங்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே கையில் இருக்கட்டும்.

ஏழாம் படி: மதிப்பீட்டுக்குப் பதில் எழுதுங்கள்

மதிப்பீட்டாளர் குறிப்புகள் வந்தால், ஒவ்வொன்றையும் அப்படியே எழுதி அதன் கீழ் பதில் தாருங்கள். எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்றும் குறியுங்கள். ஏற்க முடியாத குறிப்பை மறுப்பதில் தவறில்லை, காரணம் வேண்டும். நேர்காணல் என்றால், "வாரத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறீர்கள், இதை எப்போது செய்வீர்கள்?" என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். டீனின் கடிதமும் பணி அட்டவணையும் உங்களைக் காப்பாற்றும் இடம் இதுவே.

நிராகரிக்கப்பட்டால் குறிப்புகளைச் சேமித்து வைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி படியுங்கள். கேள்வியே முக்கியமில்லை என்கிறார்களா, முறை பலவீனம் என்கிறார்களா, குழு போதாது என்கிறார்களா என்று பிரித்துப் பாருங்கள். பின்னிரண்டும் திருத்தக்கூடியவை.

எட்டாம் படி: பணம் வந்த பிறகு

திட்ட நிதி தவணைகளாக வருகிறது. அடுத்த தவணை, முந்தையதற்கான பயன்பாட்டுச் சான்றிதழையும் செலவின அறிக்கையையும் பொறுத்தது. பொது நிதி விதிகள் 2017-ன் படிவம் 12-ஏ என்ற அந்தச் சான்றிதழைக் கணக்குப் பிரிவு தானாகவே தயாரித்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் சேர்ந்த வட்டியும் மத்திய அரசுக்கே திரும்பச் செலுத்த வேண்டியது. ஒவ்வொரு மாதமும் ஒரு மணி நேரம் கணக்காளரோடு உட்கார்ந்து செலவுத் தலைப்புகளைச் சரிபார்த்தால் மார்ச் மாதப் பதற்றம் வராது. கொள்முதலை முதல் காலாண்டிலேயே தொடங்குங்கள். அரசுக் கொள்முதலுக்கான இணையச் சந்தையான ஜெம் தளத்தில் கருவி தேடுவதற்கும் ஒப்பந்தப்புள்ளிக்கும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் காலம் பிடிக்கும்.

பணியாளர் விலகல் இன்னொரு நடைமுறைச் சிக்கல். திட்டப் பணி தற்காலிகமானது என்பதால், நல்ல செவிலியருக்கு நிரந்தர வேலை கிடைத்தால் போய்விடுவார், போக வேண்டியவரும்தான். அவர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் எழுதப்பட்ட செயல்முறைக் குறிப்பு இருந்தால், அடுத்தவர் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இடமாற்றம் வரலாம். அதற்காகவே அதே கல்லூரியில் திட்டத்தை ஏற்று நடத்தக்கூடிய இணை ஆய்வாளர் ஒருவரைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். திட்டத்தை உங்களோடு எடுத்துச் செல்ல நினைத்தால், இரு நிறுவனங்களின் சம்மதத்தோடு நிதி தந்த அமைப்பின் முன் அனுமதியும் வேண்டும். ஆணை கைக்கு வந்த அன்றே நிதி அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் கடிதம் எழுதுங்கள். ஆய்வில் சேர்ந்திருக்கும் நோயாளிகளுக்கு இனி யாரை அழைக்க வேண்டும் என்று தமிழில் அச்சிட்ட சீட்டைக் கொடுத்த பிறகே பொறுப்பை ஒப்படையுங்கள்.